தவிட்டில் உறையும் உயிர்ச்சத்து

நெல்மணி ஒன்றைக் கையில் எடுத்து நோக்குவோம். அதன் புறத்தே பொன்னிறமான உமி போர்த்திருக்கிறது. உமியை நீக்கினால் செந்நிறமோ பழுப்பு நிறமோ உடைய மெல்லிய தோல் தோன்றும். அதுவே தவிடாக உதிர்வது. அத்தோலுக்கு உள்ளே வெண்மையான மாப்பகுதி இருக்கிறது. மணியின் ஒரு முனையில் மிகச் சிறியதொரு முளையும் அமைந்துள்ளது. இவற்றுள் மக்கள் விரும்பி உண்பது வெண்மையான மாப்பகுதியையே. தவிட்டையும் அதனோடு உதிரும் முளையையும் மாட்டுக்கு இடுவர். வெண்மையே தூய்மை என்றும், தூய்மையே நலம் என்றும் எண்ணுவது உலக இயல்பு. ஆனால், அரிசியைப் பொறுத்த அளவில் இவ்வெண்ணம் எண்ணற்ற மக்களின் உயிரைக் கவர்ந்தது. அது நிகழ்ந்தவாற்றையும், தவிட்டில் உறைந்திருந்த அரும்பொருளை அறிஞர் கண்டவாற்றையும் இப்பாடத்தில் காண்போம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நீராவியால் இயங்கும் அரிசி ஆலைகள் கீழை நாடுகளில் பெருகின. உரலும் உலக்கையும் செய்த வேலையை அவை விரைந்து செய்தன. அதனோடு அமையாமல், தவிட்டின் சுவடும் இல்லாதபடி அரிசியைத் தீட்டி முத்துப் போல் வெளுப்பாக்கின. அக்காலத்தே, தீட்டிய அரிசி பரவிய இடங்களில் எல்லாம் 'பெரிபெரி' என்னும் கொடிய நோயும் மிகுந்தது. இப்பெயர் சிங்கள மொழியில் 'இயலாது, இயலாது' என்னும் பொருள் தருவது என்பர். நோயின் தன்மைக்கு அப்பெயர் மிகவும் பொருந்தும்.

இந்நோய் கண்டவர்க்கு முதலில் கால்கள் மரத்துப்போகும். கெண்டைச் சதை நோகும். பாதம் தொய்ந்து நடை தளரும். வேறு சிலர்க்குக் கால்களில் நீர் கோத்து வீக்கம் உண்டாகும், நெஞ்சு படபடக்கும், மூச்சுத் திணறும், முடிவில் இதயம் சோர்ந்து உயிர் பிரியும். தாய்க்கு இச்சத்துக் குறைந்தால், அவள் பாலை உண்ணும் சேயையும் நோய் பற்றும். இரண்டு மூன்று திங்கள் நிரம்பிய குழந்தை வாய்திறந்து அழும். ஆனால் குரல் எழாது. நன்றாக இருந்த குழந்தை சில மணி நேரத்தில் இறந்துபோவதும் உண்டு. பால் குறைவின்றிச் சுரந்தும் குழந்தை மாய்வதைக் கண்ட தாய்மார், காரணம் அறியாது கலங்கினர்.

இந்நோய் கிருமியால் வருவது என்று மருத்துவர் பலர் அந்நாளில் கருதினர். கண்ணுக்குப் புலனாகாத கிருமிகள் பல நோய்களுக்குக் காரணம் என்பது அப்பொழுதுதான் புதிதாக நிறுவப்பட்டிருந்தது. ஆதலின் ஒவ்வொரு நோய்க்கும் ஒரு கிருமியைத் தேடுவது இயல்பாயிற்று. உடலுக்குள் ஏதோ ஒன்று புகுவதால் மட்டுமன்றி, ஏதோ ஒன்று இல்லாமையாலும் நோய் வரக்கூடும் என்னும் கருத்து எவர்க்கும் எளிதில் தோன்றவில்லை.

ஜப்பானியக் கடற்படையில் மருத்துவராய் இருந்தவர் தகாகி என்பவர். 1882-ஆம் ஆண்டு இறுதியில் புறப்பட்ட 'ரியூஜோ' என்னும் போர்க்கப்பலில் 376 பேர் இருந்தனர். அவருள் 169 பேரைப் பெரிபெரி பற்றியது. 25 பேர் இறந்தனர். தகாகி வீரர்களின் உணவை ஆராய்ந்தார். அவர்கள் உண்டது பெரும்பாலும் வெண்சோறே என்பதைக் கண்டார். 1884-ஆம் ஆண்டில் 'சுகுபா' என்னும் கப்பலை அதே வழியில் அனுப்பச் செய்து, அதில் உள்ளோர்க்கு இறைச்சி, பால் முதலியவற்றைக் கூட்டி உணவளித்தார். அக்கப்பலில் பெரிபெரியால் ஒருவரும் இறக்கவில்லை. புரதம் குறைவதே நோய்க்குக் காரணம் என்று தகாகி எண்ணினார். அவர் கூறிய காரணம் பிழையே. எனினும், உணவுக்கும் நோய்க்கும் தொடர்பு உண்டு என்று அவர் கண்டது உண்மையாகும்.

இவ்வுண்மையை மேலும் விளக்கியவை சாவகத் தீவின் கோழிகள். பட்டாவியா நகரில், அஃதாவது இன்றைய ஜகார்த்தாவில், ஐக்மன் என்னும் டச்சு மருத்துவர் பெரிபெரியை ஆராய்ந்துகொண்டிருந்தார். 1889-ஆம் ஆண்டில், ஆய்வுக்கூடத்துக் கோழிகள் கால் தளர்ந்து, கழுத்து மடங்கி, பெரிபெரி நோயாளர் போலவே நலிந்தன. சில திங்கள் கழிந்தபின் நோய் தானே நீங்கிற்று. ஐக்மன் வியப்புற்றுக் காரணத்தை உசாவினார். கோழிகட்கு இராணுவ மருத்துவமனையின் சமையற்கூடத்தில் மிஞ்சிய வெண்சோறு சில திங்களாக இடப்பட்டு வந்தது. புதிதாக வந்த சமையற்காரர், இராணுவத்தார்க்கு உரிய சோற்றை அவ்வாறு கொடுக்க இசையவில்லை. ஆதலின் கோழிகள் மீண்டும் தீட்டாத அரிசியை உண்டன, உண்ணவே உய்ந்தன. ஐக்மன் இதனைப் பலமுறை செய்து பார்த்தார். வெண்சோறு இட்டால் நோய் வந்தது. தவிடு சேர்த்து இட்டால் நோய் நீங்கியது.

பின்னர், வோர்டர்மன் என்னும் அதிகாரி சாவகத்தில் உள்ள 101 சிறைச்சாலைகளை ஆராய்ந்தார். தீட்டிய அரிசி வழங்கிய சிறைகளில் ஏறத்தாழ 39 பேருக்கு ஒருவர் என்னும் அளவில் பெரிபெரி இருந்தது. தீட்டாத அரிசி வழங்கிய சிறைகளிலோ பதினாயிரம் பேருக்கு ஒருவர் என்னும் அளவிலேயே நோய் காணப்பட்டது. வெண்சோற்றில் ஒரு நஞ்சு உண்டு என்றும், அதற்கு மாற்றுத் தவிட்டில் உண்டு என்றும் ஐக்மன் முதலில் கருதினார். அவருக்குப் பின் அவ்வாய்வை மேற்கொண்ட கிரைன்ஸ் என்பவரே, 1901-ஆம் ஆண்டில், உண்மையைத் தெளிவாக உரைத்தார். வெண்சோற்றில் நஞ்சு ஏதும் இல்லை. உயிர் வாழ்வதற்கு இன்றியமையாத ஒரு பொருள் அதில் இல்லை என்பதே அவர் கண்ட முடிவு.

இனி, இவ்வரலாற்றில் தமிழர்க்கும் தொடர்புடைய ஒரு பகுதியைக் காண்போம். அக்காலத்தே மலாயா நாட்டில் மூவினத்தார் அருகருகே வாழ்ந்தனர். சுரங்கங்களில் உழைத்த சீனர், சயாமிலிருந்து வந்த தீட்டிய பச்சரிசியை உண்டனர். அவருள் ஆயிரக்கணக்கானோர் பெரிபெரியால் மாண்டனர். சிற்றூர்களில் வாழ்ந்த மலாய் மக்கள் தம் நெல்லை அவ்வப்போது குத்தி உண்டனர். அவர்களிடையே நோய் அரிது. தோட்டங்களிலும் சாலைகளிலும் பாடுபட்ட தமிழர், தாய்நாட்டு வழக்கப்படி புழுங்கலரிசியை உண்டனர். அவர்களையும் நோய் அணுகவில்லை. பிராடன் என்னும் ஆங்கில மருத்துவர் இவ்வேறுபாட்டை நன்கு எடுத்துக் காட்டினார்.

இதனைச் சோதித்து அறிய விரும்பிய பிளெச்சர் என்னும் மருத்துவர், 1905-ஆம் ஆண்டில் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் ஓர் ஆய்வு செய்தார். நோயாளரை வரிசையில் நிறுத்தி, ஒருவர் விட்டு ஒருவராகப் பிரித்து இரு பகுதியாக்கினார். ஒரு பகுதியினர்க்குத் தீட்டிய பச்சரிசியும், மற்றொரு பகுதியினர்க்குப் புழுங்கலரிசியும் அளிக்கப்பட்டன. ஒவ்வொரு பகுதியிலும் ஏறத்தாழ 120 பேர் இருந்தனர். ஆண்டு முடிவில், பச்சரிசி உண்டவருள் 18 பேர் பெரிபெரியால் இறந்திருந்தனர். புழுங்கலரிசி உண்டவருள் அந்நோயால் இறந்தவர் ஒருவரும் இலர். தம் நிலையை எடுத்துரைக்க இயலாத நோயாளரை இவ்வாறு ஆய்வுக்கு உட்படுத்துதல் இன்றைய மருத்துவ அறத்துக்கு ஒவ்வாது. ஆயினும், அப்பதினெண்மர் இறப்பு உலகுக்கு ஓர் உண்மையை உணர்த்திச் சென்றது.

அதன்பின், பிரேசர், ஸ்டான்டன் என்னும் இருவர் சாலை அமைக்கும் சாவகத் தொழிலாளர் 300 பேரிடையே இதே ஆய்வைச் செய்தனர். பச்சரிசி உண்டவரிடம் ஏறத்தாழ மூன்று திங்களில் நோய் தோன்றிற்று. அரிசியை மாற்றியதும் நோய் பரவுதல் நின்றது. தொற்றுநோய் அன்று இது என்பது ஐயமற விளங்கிற்று.

தவிட்டில் உள்ள அப்பொருளைத் தனியே பிரித்தெடுக்கும் முயற்சி பல நாடுகளிலும் தொடங்கியது. ஜப்பானில் சுசுகி என்பவர் 1910-ஆம் ஆண்டில் தவிட்டிலிருந்து அச்சத்தை வடித்தார். லண்டனில் ஆராய்ந்த பங்க் என்னும் போலந்து நாட்டு அறிஞர், 1912-ஆம் ஆண்டில், இத்தகைய பொருள்களுக்கு 'வைட்டமின்' என்னும் பெயரை வழங்கினார். உயிர் வாழ்வுக்கு வேண்டியவை என்பது அதன் கருத்து. 'உயிர்ச்சத்து' எனத் தமிழில் அதனை வழங்குகிறோம். 1926-ஆம் ஆண்டில், யான்சன், டோனாத் என்னும் இருவர் பட்டாவியாவில் இச்சத்தைப் படிகமாகப் பிரித்தனர். 1929-ஆம் ஆண்டில் ஐக்மனுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

எனினும், அப்பொருளின் அமைப்பை முற்றும் அறிந்து, அதனைச் செயற்கையாகவும் ஆக்கிக் காட்டிய பெருமை வில்லியம்ஸ் என்பவர்க்கு உரியது. இவர் அமெரிக்கர், ஆனால் பிறந்தது, நெல் விளைவுக்குப் பெயர்பெற்ற நெல்லூரில். அந்நாளில் சென்னை மாகாணத்தில் அடங்கியிருந்த அவ்வூரில் இவர் பெற்றோர் சமயத்தொண்டு புரிந்துவந்தனர். 1910-ஆம் ஆண்டில் மணிலாவில் பணியாற்றிய பொழுது, பெரிபெரியால் சாகுந் தறுவாயில் இருந்த குழந்தைக்குத் தவிட்டுச் சாற்றைத் துளித்துளியாகப் புகட்டினார். குழந்தை பிழைத்தது. அன்று முதல், அச்சாற்றில் இருப்பது யாது என்பதை அறிவதே அவர் வேட்கையாயிற்று. அமெரிக்காவில் தொலைபேசி நிறுவனம் ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டே, ஓய்வு நேரத்தில் இவ்வாய்வைத் தொடர்ந்தார். இருபத்தாறு ஆண்டுகள் கழித்து, 1936-ஆம் ஆண்டில், அவர் எண்ணம் நிறைவேறிற்று. அப்பொருளே 'தயாமின்' எனப்படும் பி1 உயிர்ச்சத்து.

தயாமினின் இயல்புகளை இனி ஆராய்வோம். இதன் மூலக்கூறு ஒன்றில் கரியணுக்கள் 12, ஹைட்ரஜன் அணுக்கள் 17, நைட்ரஜன் அணுக்கள் 4, ஆக்சிஜன் அணு 1, கந்தக அணு 1 உள்ளன. இவை இரண்டு வளையங்களாக அமைந்துள்ளன. ஆறு அணுக்கள் கொண்ட வளையம் ஒன்று; ஐந்து அணுக்கள் கொண்ட வளையம் மற்றொன்று. கந்தகம் இருப்பது இரண்டாவது வளையத்தில். இவ்விரு வளையங்களையும் ஒரே ஒரு கரியணு பாலம் போல் இணைத்து நிற்கிறது. அப்பாலம் உடைந்தால் தயாமினின் ஆற்றலும் அழியும்.

மருந்துக் கடைகளில் கிடைக்கும் தயாமின் பெரும்பாலும் உப்பு வடிவில் உள்ளது. அது வெண்ணிறப் படிகம்; சிறிது கைப்பும் புளித்த மாவின் மணம் போன்றதொரு மணமும் உடையது; நீரில் மிக எளிதாகக் கரைவது. புளிப்புப் பொருளாகிய அமிலத்தில் அது கெடாமல் நிலைத்திருக்கும். காரப்பொருளோடு சேர்ந்து சூடேறினால் விரைவில் அழியும். பருப்பு விரைந்து வேகும்பொருட்டுச் சமையல் சோடாவைச் சேர்ப்பவர், பருப்பில் உள்ள தயாமினையும் உடன் அழிக்கின்றனர். உணவைக் கெடாது வைக்கச் சேர்க்கும் சல்பைட்டு என்னும் பொருளும் மேற்கூறிய பாலத்தைத் துணித்துவிடும். காரக் கரைசலில் தயாமினை ஒருவகை உப்பினால் மாற்றினால், அது புறஊதா ஒளியில் நீலநிறமாய் ஒளிரும். அவ்வொளியின் மிகுதி குறைவைக் கொண்டு, ஓர் உணவில் எவ்வளவு தயாமின் உள்ளது என்று அளந்தறிவர்.

இவ்வளவு சிறிய பொருள் உடலில் செய்யும் தொழில் யாது? நாம் உண்ணும் சோற்றின் மாச்சத்து, குளுக்கோசு என்னும் சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலக்கிறது. உடலின் நுண்ணறைகள் அச்சர்க்கரையைப் படிப்படியாகச் சிதைத்து ஆற்றலைப் பெறுகின்றன. இடையில் பைருவிக் அமிலம் என்னும் பொருள் உண்டாகிறது. அதிலிருந்து கரியமில வாயுவை நீக்கி, மேலும் ஆற்றலாக மாற்றுவதற்கு ஒரு நொதி வேண்டும். அந்நொதிக்குத் துணைநிற்பது, பாஸ்பரத்தோடு சேர்ந்த தயாமின் ஆகும். அத்துணை இல்லையேல் வேலை அங்கேயே தடைப்படும். அடுப்பு நிறைய விறகு இருந்தும் காற்றுப் புகாவிடில் தீ எரியாது புகைவது போல, உடல் நிறையச் சர்க்கரை இருந்தும் ஆற்றல் பிறவாது. பைருவிக் அமிலமும் லாக்டிக் அமிலமும் தேங்கும். மூளையும் நரம்பும் இதயமும் இடையறாது ஆற்றலை வேண்டுவன. ஆகவே அவையே முதலில் நலியும்.

மாச்சத்தை மிகுதியாக உண்பவர்க்குத் தயாமினும் மிகுதியாக வேண்டும் என்பது இதனால் விளங்கும். வெறும் வெண்சோற்றையே உண்பவர், தேவையை மிகுத்துக்கொண்டு வரவைக் குறைத்துக்கொள்கின்றனர்.

வளர்ந்த ஒருவர்க்கு நாள்தோறும் வேண்டும் தயாமின் 1 முதல் 1.5 மில்லிகிராம் வரையே. ஒரு கடுகின் எடையினும் அது குறைவு. நம் உடல் முழுவதிலும் ஏறத்தாழ 30 மில்லிகிராம்தான் இருக்கும். நீரில் கரையும் பொருள் ஆதலின், மிகுதியாக உட்கொண்டது சிறுநீரோடு கழியும். கொழுப்பில் கரையும் உயிர்ச்சத்துகளைப் போல நெடுநாள் தங்காது. எனவே, உணவில் வரவு நின்றால், இரண்டு மூன்று வாரங்களிலேயே சேமிப்பு அருகிவிடும்.

மருந்தாகக் கொடுக்கும்பொழுது தயாமின் செய்யும் நன்மை வியப்பூட்டுவது. இதயம் தளர்ந்து மூச்சுத் திணறும் பெரிபெரி நோயாளர்க்கு இதனை ஊசி வழியாகச் செலுத்தினால், சில மணி நேரத்திலேயே தேறுதல் காணலாம். நரம்பின் கேடு நீங்க மட்டும் பல திங்கள் ஆகும். வாய்வழியாக மிகுதியாக உண்டாலும் தீங்கு செய்யாத மருந்து இது. ஊசியால் மட்டும் மிகச் சிலர்க்கு ஒவ்வாமை தோன்றும். குடிப்பழக்கத்திற்கு அடிமையானவர்க்கு, உணவில் உள்ள தயாமின் குடலில் செவ்வனே உறிஞ்சப்படுவதில்லை. அவர்க்கு நினைவு குழம்பி, கண் நிலைகுலைந்து, நடை தடுமாறும் மூளைநோய் வருவதுண்டு. ஓயாத வாந்தியால் வருந்தும் கருவுற்ற பெண்டிர்க்கும் இக்குறை நேரலாம். இத்தகையோர்க்குச் சர்க்கரைக் கரைசலைச் செலுத்துவதற்கு முன்னரோ, அதனோடு சேர்த்தோ தயாமினைக் கொடுப்பது மருத்துவர் வழக்கம். அதன் காரணம் மேலே கூறியவற்றால் நன்கு புலப்படும்.

இனி, புழுங்கலரிசி தமிழரைக் காத்தது எவ்வாறு என்பதைக் காண்போம். நெல்லை நீரில் ஊறவைத்து, ஆவியில் அவித்து, களத்தில் உலர்த்துவது புழுங்கல் முறை. ஊறும்பொழுதும் அவியும்பொழுதும், தவிட்டிலும் முளையிலும் உள்ள தயாமின் நீரில் கரைந்து, மணியின் உட்பகுதிக்குச் செல்கிறது. உலர்ந்தபின் அஃது அங்கேயே தங்குகிறது. பின்பு ஆலையில் தீட்டினாலும் முழுவதும் நீங்குவதில்லை. தீட்டாத அரிசி 100 கிராமில் ஏறத்தாழ 0.4 மில்லிகிராம் தயாமின் உண்டு. நன்கு தீட்டிய பச்சரிசியில் 0.1 மில்லிகிராமுக்கும் குறைவே. புழுங்கலரிசி இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், ஆலையில் தீட்டிய பச்சரிசியை உண்ட ஆந்திரக் கடற்கரைப் பகுதியில் பெரிபெரி பரவியிருந்தது. புழுங்கலரிசி உண்ட தமிழ் மாவட்டங்களில் அது மிக அரிதாயிருந்தது. குன்னூரில் இருந்த ஆய்வுக்கூடத்தில் மக்கரிசன் முதலிய அறிஞர் இவ்வேறுபாட்டை ஆராய்ந்தனர்.

நீரில் கரையும் இயல்பால் மணிக்குள் புகுந்த சத்து, அதே இயல்பால் வெளியேறவும் செய்யும். அரிசியைப் பலமுறை தேய்த்துக் கழுவினால், கழுநீரோடு தயாமின் போகும். சோற்றை வடித்தால், வடிகஞ்சியோடு போகும். ஆகவே அரிசியை அளவாகக் கழுவுதலும், வேண்டிய அளவே நீர் வைத்துச் சோறாக்குதலும், வடித்தால் கஞ்சியை வீணாக்காமல் பருகுதலும் நன்று. சோற்றோடு பருப்பு, பயறு, நிலக்கடலை, எள், கம்பு, கேழ்வரகு முதலியவற்றையும் சேர்த்து உண்பவர்க்குத் தயாமின் குறைவு நேர்வது அரிது. மாத்திரையை நாடவேண்டியவர் நோயுற்றவரே; அதுவும் மருத்துவர் சொற்படியே கொள்ளத்தக்கது.

மலாயாவில் சாலை அமைத்த தமிழ்த் தொழிலாளர், தயாமின் என்னும் பெயரைக் கேட்டறியார். நம் முன்னோரும் நெல் கெடாதிருக்கவும், குத்தும்போது நொறுங்காதிருக்கவும் கருதியே அதனைப் புழுக்கியிருத்தல் கூடும். வழக்கம் அவர்களைக் காத்தது. ஆனால், காரணம் அறியாத வழக்கம் நிலையற்றது. கண்ணுக்கு வெண்மையாய் இருப்பது கிடைத்தவுடன், பழைய வழக்கத்தை இழிவென்று கைவிடுதல் எளிது. சீனச் சுரங்கத் தொழிலாளரும் ஜப்பானிய மாலுமிகளும் வெண்சோற்றை மேன்மை என்று கருதியே உண்டனர். அவர்களை மாய்த்தது வறுமை மட்டும் அன்று, அறியாமையும் ஆகும். காரணத்தை அறிந்தோர்க்கு அவ்விடர் இல்லை. அவர்கள் கொள்ளத்தக்கது இது, தள்ளத்தக்கது இது என்று தெளிந்து, தம்மையும் தம் மக்களையும் காத்துக்கொள்வர். தவிட்டை வெறுந் தவிடு என்று எண்ணாத சிலர் முயன்றமையால் அன்றோ, குரலின்றி அழுத குழந்தைகள் உயிர்பெற்றன!

வினாக்கள்

1. நெல்மணியின் பகுதிகள் யாவை? தயாமின் அவற்றுள் எப்பகுதிகளில் மிகுதியாக உள்ளது?
2. ஐக்மனின் கோழிகள் நோயுற்றதும் நலம் பெற்றதும் எவ்வாறு?
3. மலாயாவில் வாழ்ந்த மூவினத்தாரின் உணவு வேறுபாட்டையும் அதன் விளைவையும் எழுதுக.
4. நீரில் கரையும் இயல்பு தயாமினைக் காப்பதும் இழக்கச் செய்வதும் எங்ஙனம்? விளக்குக.
5. 'காரணம் அறியாத வழக்கம் நிலையற்றது' - இக்கருத்தை வேறோர் எடுத்துக்காட்டுத் தந்து ஒரு பக்க அளவில் கட்டுரையாக வரைக.

மொழிப் பயிற்சி

இலக்கணக் குறிப்பு எழுதுக: கழுநீர், வடிகஞ்சி, வெண்சோறு.
பிரித்து எழுதுக: பாதமில்லை, அப்பொருள், உயிர்ச்சத்து, வேறோர்.